தராசைப் பார்க்கிற கண் சபையில மட்டும் ஏன் மூடுது?

எங்க பெரியம்மா 34 வருஷம் கொழுந்து எடுத்தவங்க. பண்டாரவளைக்குக் கிட்ட ஒரு தோட்டம். கொழுந்து நிறுக்கிற நேரத்துல அவங்களை யாரும் ஏமாத்த முடியாது. முள் எங்க நிக்குதுன்னு பார்ப்பாங்க. ஈரத்துக்கு எவ்வளவு வெட்டினீங்க, சாக்குக்கு எவ்வளவு வெட்டினீங்கன்னு கேட்பாங்க. கிலோ குறைஞ்சா அரைப் பேர்தான் விழும்னு தெரியும். கணக்கப்புள்ள முறைச்சாலும் கேட்பாங்க.

அதே பெரியம்மா ஒரு சனிக்கிழமை டவுன்ல நடந்த சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனாங்க. மைக் பிடிச்ச ஒருத்தர், "அம்மா, உங்க சீனி வருத்தம் இன்னையோட போச்சு"ன்னு சொன்னார். மறுநாள் குளிசையை நிப்பாட்டிட்டாங்க. கிளினிக் கொப்பி பெட்டிக்கு அடியில போயிருச்சு. ஈ.பி.எப். காசுல ஒரு பங்கு "விதைக் காணிக்கை"யா போயிருச்சு. அஞ்சு மாசத்துல கால்ல புண். கடைசியில ரெண்டு விரலை எடுக்க வேண்டி வந்துச்சு. அந்த ஊழியத்துக்காரங்ககிட்ட போய்ச் சொன்னோம். "விசுவாசத்துல குறை இருந்திருக்கும்"னு ஒரே வரியில பதில் வந்துச்சு.

தராசுக்கு முன்னால அவ்வளவு கூர்மையா இருந்த கண், மேடைக்கு முன்னால ஏன் மூடிக்கிச்சு? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

மூடிக்கிச்சுன்னு சொல்றதும் சரியில்ல. மூட வச்சாங்க. நம்ம சபைகள்ல பல வருஷமா ஒரு பாடம் நடக்குது: கேள்வி கேட்கிறது அவிசுவாசம், சோதிச்சுப் பார்க்கிறது கலகம், ஊழியரைப் பத்திப் பேசினா சாபம். இந்தப் பாடம் வேதத்துல இல்லை. வேதத்துக்கு நேர் எதிரானது.

இதுக்கு அவங்க எடுக்கிற பெரிய ஆயுதம், அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக்கூடாதுங்கிற சங்கீத வசனம். யாராவது கணக்குக் கேட்டா உடனே அந்த வசனம் வந்து விழும். சரி, அந்த 105-ஆம் சங்கீதத்தைத் திறந்து 12-ஆம் வசனத்துல இருந்து வாசிச்சுப் பாருங்க. அங்க சொல்லப்படுறது யாரைப் பத்தி? எண்ணிக்கையில கொஞ்சமா இருந்த, சொந்த நிலம் இல்லாம தேசம் தேசமா அலைஞ்ச ஆபிரகாமின் குடும்பத்தைப் பத்தி. அவங்களைத் தொடாதேன்னு கடவுள் யாரை எச்சரிக்கிறார்? ராஜாக்களை!

சின்னக் கூட்டம், சொந்த நிலம் இல்லை, நாடு விட்டு நாடு வந்தவங்க. இது யாரோட கதை? 1948-ல குடியுரிமை பறிபோய், 1964 ஒப்பந்தத்துல ரெண்டு நாட்டுக்கும் நடுவுல பங்கு போடப்பட்ட நம்ம கதை. நிலம் இல்லாதவங்களை அதிகாரத்துக்கிட்ட இருந்து காப்பாத்த வந்த வசனத்தை எடுத்து, அதிகாரத்துல இருக்கிறவர் நிலம் இல்லாதவங்களோட வாயை அடைக்கிறார். இதைவிடப் பெரிய வேதப் புரட்டு எதுன்னு எனக்குத் தெரியல.

வேதம் என்ன சொல்லுது? எல்லா ஆவியையும் நம்பாதீங்க, சோதிச்சுப் பாருங்கன்னு யோவான் தன் முதல் நிருபத்தோட 4-ஆம் அதிகாரத்துல எழுதுறார். அதை அவர் போதகர்மாருக்கு மட்டும் எழுதல, சபைக்கே எழுதுறார். அப்போஸ்தலர் 17-ல பெரோயா ஊர்க்காரங்க, பவுல் சொன்னது சரிதானான்னு தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தாங்க. பவுலுக்குக் கோபம் வரல. அவங்களை நல்ல குணசாலிகள்னு வேதம் பாராட்டுது. பவுலையே சோதிக்கலாம்னா, நம்ம ஊருக்கு வேன்ல வந்து இறங்குற ஒருத்தரைச் சோதிக்கக் கூடாதா?

ஆதித் திருச்சபைக்கு இந்தத் தொல்லை நல்லாவே தெரிஞ்சிருந்துச்சு. 'டிடாக்கே'ன்னு மிகப் பழைய ஒரு கிறிஸ்தவக் கையேடு இருக்கு. பல நூற்றாண்டு தொலைஞ்சு கிடந்து 1873-ல கொன்ஸ்தாந்திநோபிள்ல கிடைச்சது. ஊர் ஊரா வர்ற தீர்க்கதரிசிகளை எப்படி அடையாளம் காணுறதுன்னு அதுல இருக்கு. ஒரு நாள், தேவைன்னா ரெண்டு நாள் தங்கலாம், மூணாவது நாளும் தங்கினா அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு ரொட்டி குடுக்கலாம், காசு கேட்டா கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில நிறைஞ்சு எனக்குக் காசு குடுன்னு சொன்னாலும் கேட்காதே. இல்லாதவங்களுக்காகக் கேட்டா மட்டும் அவரைக் குறை சொல்லாதே. இந்தச் சோதனையை நம்ம பக்கத்து சுவரொட்டியில இருக்கிற முகங்களுக்கு வச்சா எத்தனை பேர் தேறுவாங்க?

"தம்பி, அதெல்லாம் அந்தக் காலம்"னு சொல்வாங்க. இந்தக் காலத்தையும் பார்ப்போம். 2023-ல கென்யாவின் ஷகஹோலா காட்டுல, பட்டினி கிடந்து செத்தா இயேசுவைச் சந்திக்கலாம்னு நம்ப வைக்கப்பட்ட மக்களோட 400-க்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்தாங்க. அதே 2023 மே மாசம் நம்ம நாட்டுல, தன்னைத் தீர்க்கதரிசின்னு அழைச்சுக்கிற ஜெரோம் பெர்னாண்டோ புத்தரைப் பத்தியும் மற்ற மதங்களைப் பத்தியும் பேசின வீடியோ நாடு முழுக்க ஓடிச்சு. அவர் வெளிநாடு போனார், நவம்பர் கடைசியில திரும்பி வந்தார், டிசம்பர் 1-ஆம் திகதி கைதானார், பிறகு பிணையில வந்தார். ரெண்டும் ஒரே அளவு விஷயம்னு நான் சொல்லல. அந்தக் கைது சரியா பிழையாங்கிறது சட்டத்தோட கேள்வி. சபையோட கேள்வி வேற: ஒருத்தர் தன்னைத் தீர்க்கதரிசின்னு சொல்லும்போது, அதை யார், எதை வச்சு சோதிச்சுப் பார்த்தாங்க? அந்த வாரம் பஸ்ல, வேலையில, சிங்கள நண்பர்களுக்கு முன்னால தலை குனிஞ்சு பதில் சொன்னது நம்மள மாதிரி ஆட்கள்தான்.

வாக்குறுதியைச் சோதிக்கிறது நமக்குப் புதுசு இல்லை. தேயிலைத் தூரைத் தோண்டினா தேங்காயும் மாசியும் கிடைக்கும்னு சொல்லித்தான் நம்ம பாட்டன் பூட்டனைக் கூட்டிட்டு வந்தாங்கன்னு எல்லா லயத்துலயும் கதை இருக்கு. நம்ம வரலாறே ஒரு பொய்த் தீர்க்கதரிசனத்துல தொடங்கினதாத்தான் நம்ம சனம் சொல்லி வச்சிருக்கு. 2015-ல கேட்கத் தொடங்கின ஆயிரம் ரூபா சம்பளம் 2021-லதான் வர்த்தமானியில வந்துச்சு. நடுவுல எத்தனை தலைவர்மார் எத்தனை மேடையில எத்தனை திகதி சொன்னாங்க! அவங்களை நாம நாக்கைப் புடுங்குற மாதிரி கேள்வி கேட்டோம். அதே ஆள் கோட் போட்டு, "மூணு மாசத்துல உனக்கு வீடு"ன்னு சொன்னா மட்டும் ஆமென் போடுறோம்.

எரேமியா 28-ஐ வாசிங்க. அனனியாங்கிற தீர்க்கதரிசி, ரெண்டு வருஷத்துல பாபிலோனோட நுகம் உடையும்னு ஆலயத்துல எல்லாருக்கும் முன்னால முழங்குறார். சனத்துக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கும்! எரேமியா, "ஆமென், அப்படியே ஆகட்டும்"னு சொல்லிட்டு, சமாதானம் சொல்ற தீர்க்கதரிசியை அது நடந்த பிறகுதான் நம்பலாம்னு நினைவுபடுத்துறார். அது நடக்கல. பொய் சொன்னவர் கேட்க இனிமையானதைச் சொன்னார், கடவுளோட ஆள் கசப்பானதைச் சொன்னார்.

நம்ம மாவட்டத்துலயே இதுக்கு ஒரு சாட்சி உண்டு. 2014 அக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்த. மலை சரிஞ்சு லயங்களை மூடிச்சு. அந்த இடம் ஆபத்துன்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லயும் 2011-லயும் ஏற்கனவே எச்சரிச்சிருந்தது. அந்த எச்சரிக்கைக்குக் கீபோர்ட் இசை இல்லை, மேடை இல்லை. சனத்துக்குப் போக வேற நிலமும் குடுக்கப்படல. சத்தியம் பல நேரம் இப்படித்தான், ஒரு அலுவலகக் கடிதமா வருது. மழைக்கு முன்னால அந்தக் கடிதத்தைக் கையில எடுத்து, "எங்க சனத்துக்கு நிலம் எங்க?"ன்னு கேட்கிற சபைதான் தீர்க்கதரிசனச் சபை. பெரியம்மாவோட கிளினிக் கொப்பியும் அதே மாதிரி ஒரு எச்சரிக்கைதான்.

அப்போ எல்லாத்தையும் சந்தேகப்படணுமா? இல்லை. ஆவியை அவிச்சுப் போடாதீங்க, தீர்க்கதரிசனத்தை அற்பமா எண்ணாதீங்க, எல்லாத்தையும் சோதிச்சு நல்லதைப் பிடிச்சுக்கோங்கன்னு பவுல் தெசலோனிக்கேயருக்கு ஒரே மூச்சுல எழுதுறார். சோதிக்கிறதே நல்லதைப் பிடிச்சுக்கிறதுக்குத்தான். கனியைப் பார்த்து மரத்தை அறியச் சொன்னார் இயேசு. நம்ம ஊவாவுலயே அந்தக் கனி காய்ச்சிருக்கு. 1972-ல பதுளை மறைமாவட்டம் புதுசா உருவானப்போ, கண்டியில ஆயரா இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்தப் பெரிய இடத்தை விட்டுட்டு இந்த ஏழை மாவட்டத்துக்கு வந்தார். மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் 1980-ல புத்தளைக்குப் போய், 'சுப செத் கெதர'ங்கிற சின்ன வீட்டுல, ஏழை பௌத்த விவசாயிகளோட வாழ்ந்தார். யாரையும் மதம் மாத்தப் போகல. 1987 நவம்பர் 10-ஆம் திகதி பூசை நடக்கும்போதே சுட்டுக் கொன்னாங்க. மேல இருந்து கீழ இறங்கி வந்தவங்க இவங்க. நம்ம காணிக்கையில கீழ இருந்து மேல ஏறுறவங்களையும் பக்கத்துல நிப்பாட்டிப் பாருங்க. வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெரிய இறையியல் படிப்பு தேவையில்லை.

பழைய சபைக்காரங்களே, நீங்க சிரிக்காதீங்க. பெரியம்மா ஏன் அந்த மண்டபத்துக்குப் போனாங்க? அங்க ஒருத்தர் அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். தலையில கை வச்சார். "அம்மா"ன்னார். அவங்க 34 வருஷம் உட்கார்ந்த ஆலயத்துல அவங்க பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? சுகமில்லாம கிடந்தப்போ லயத்துக்கு யார் ஏறி வந்தா? மந்தை பசியோட இருக்கிறதாலதான் ஓநாய் வருது.

கடைசியா, நம்ம வயசு ஆட்களுக்கு நாலு கேள்வி. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது சட்டைப் பையில வச்சுக்கோங்க.

ஒண்ணு: இந்தச் செய்தியால லாபம் யாருக்கு?

ரெண்டு: போன வருஷம் சொன்னது நடந்துச்சா? நடக்கலைன்னா யார் மன்னிப்புக் கேட்டாங்க?

மூணு: கேள்வி கேட்டவங்களை அந்தச் சபை எப்படி நடத்துது?

நாலு: மருந்தை நிப்பாட்டு, காசைக் குடு, வேலையை விடுன்னு இன்னைக்கே, இப்பவே முடிவெடுக்கச் சொல்றாங்களா? மனசு இருண்டு கிடக்கிற நேரத்துல பழைய நல்ல தீர்மானத்தை மாத்தாதேன்னு லொயோலா இஞ்ஞாசியார் கிட்டத்தட்ட 500 வருஷத்துக்கு முன்னாலயே சொல்லி வச்சார். கடவுள் அவசரப்படுத்துறவர் இல்லை. அவசரப்படுத்துறது வியாபாரி.

பெரியம்மா இப்போ குளிசை போடுறாங்க. ஜெபத்தையும் விடல. போன மாசம் ஒரு புது ஊழியர் லயத்துக்கு வந்து, அவங்க காலைப் பார்த்துட்டு, "விசுவாசிங்க, நடப்பீங்க"ன்னார். பெரியம்மா வேதத்தை மடியில வச்சுக்கிட்டு, "உட்காருங்க ஐயா, தேத்தண்ணி குடிங்க. எந்த அதிகாரம்னு சொல்லுங்க, நானும் வாசிச்சுப் பார்க்கிறேன்"னாங்க.

தேத்தண்ணி குடிச்சு முடிச்ச உடனே அவர் எழும்பிட்டார். அந்தப் பக்கம் அதுக்குப் பிறகு வரல.