தறிக்காரன் பிள்ளைக்கும் வரலாறு உண்டு!

மண்ணைத் தோண்டினால் மன்னனின் மகுடந்தான் கிடைக்குமா? உலை ஊதியவன், பானை வனைந்தவன், நூல் நூற்றவள் இவர்கள் விட்டுச்சென்ற சுவடும் அல்லவா கிடைக்கிறது! கீழடி உரைப்பது இதைத்தான். அங்கே நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்தன. தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. அரண்மனைச் சுவரிலே அல்ல, அன்றாடம் புழங்கிய பானையிலே எழுத்து!

இந்த உண்மை சிலருக்குக் கசக்கிறது. 2014-15இல் அகழ்வைத் தொடங்கிய நடுவணரசின் தொல்லியல் துறை, அதனை நடத்திய அதிகாரியை 2017இல் மாற்றியது. மூன்றாம் கட்டத்தோடு முடித்தும் கொண்டது. 2018 முதல் தமிழ்நாட்டுத் துறை தொடர்ந்தது. 2023 ஜனவரியில் அந்த அதிகாரி தந்த 982 பக்க அறிக்கை, 2025 மே மாதம் திருப்பி அனுப்பப்பட்டது. திருத்தம் வேண்டுமாம்! இரண்டாண்டுக்கு மேல் கையிலே வைத்திருந்தவர்களுக்கு அதன் பிறகுதான் திருத்தம் நினைவுக்கு வந்தது!

டில்லியைக் கேட்பது நம் உரிமை. கேட்போம். நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. 2023 மார்ச் 5ஆம் நாள், 18 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவிலே கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மகிழ்ந்தோம், பெருமை பேசினோம். ஜலகண்டாபுரத்துத் தறிக்காரன் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கண்டார்கள்?

கீழடி தொலைவு என்பீர்கள். மாங்காடு தொலைவா? மேட்டூருக்கு அருகிலே உள்ள அந்த ஊரில் கிடைத்த இரும்பு, மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையதென்று 2025 ஜனவரியில் வெளியான ஆய்வறிக்கை கூறியது. உலகம் கேட்டு வியந்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளையோ பத்திரிகையில் படித்ததோடு சரி!

காரணம் என்ன? பள்ளிச் சுற்றுலா என்றால் பணம் கட்ட வேண்டும். வாரக் கூலியிலே அரிசிக் கடையும் வட்டிக்காரனும் போக மிச்சம் ஏது? பணம் கட்டியவன் பேருந்தில் ஏறுகிறான். கட்ட முடியாதவன் வீட்டிலே தார் சுற்றுகிறான். போனவனுக்கும் என்ன கிடைக்கிறது? வரிசையாக நட, தொடாதே, பேசாதே, வெளியே வா! இதுவா கல்வி? தக்களியைப் பிள்ளை தன் கையால் சுழற்ற வேண்டாமா? "எங்கள் வீட்டிலும் நூல் உண்டே!" என்று வியக்க வேண்டாமா? அந்த ஒரு நொடியிலே அல்லவா வரலாறு அவனுடைய சொத்தாகிறது!

மான்செஸ்டரைப் பாருங்கள். அந்த வட்டாரத்து ஆலைத் துணிதான் நம் நெசவாளர் வயிற்றில் அடித்தது. அதே நகரத்தில் இன்று மக்கள் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே தொழிற்சங்கக் கொடிகளைக் கண்போலக் காக்கிறார்கள். உழைத்தவன் போராடி உரிமை பெற்ற கதையைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அங்கே முடிவது இங்கே முடியாதா?

நாம் கேட்பது அதிகமில்லை. அருங்காட்சியகம் செல்லும் அரசுப் பள்ளிப் பிள்ளையிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது, செலவு அரசினுடையது. சேலம் அரசு அருங்காட்சியகத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு வாரமாவது நடமாடும் கண்காட்சி ஜலகண்டாபுரம் போன்ற ஊர்களுக்கு வர வேண்டும். பழைய தக்களியின் பக்கத்திலே நம் குழித்தறியும் நிற்க வேண்டும். அதை விளக்க ஒரு முதிய நெசவாளரையே அழைத்து, அவருக்கு அன்றைய கூலியும் தர வேண்டும்.

தோழர்களே! அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பரண்மேல் கிடக்கும் ராட்டை, நாடா, பழைய அச்சு, சங்கத்துச் சந்தாச் சீட்டு, ஊர்வலத்துப் புகைப்படம் இவற்றைத் திரட்டுங்கள். நம் படிப்பகத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்கி வையுங்கள். பிள்ளைகளை அழையுங்கள், தொட்டுப் பார்க்கவும் விடுங்கள்.

தன் பாட்டன் யாரென்று அறிந்த பிள்ளை எவன் முன்னாலும் தலை குனியமாட்டான். அந்தத் தலைநிமிர்வுக்காகத்தானே இயக்கம் நடத்துகிறோம்!