விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட் பேசுமா?



"மலருக்குக் கவிதை நிறைய வந்துடுச்சு, நீ நம்ம தொழிலைப் பத்தி ஏதாவது எழுதுப்பா" என்றார் நம் சங்கச் செயலாளர். சரி, நம் எல்லோர் மனத்தையும் உறுத்துகிற ஒரு விஷயத்தையே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுச் சிலருக்குக் கோபம் வரலாம். வந்தால் வரட்டும்!

இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றதும் நாம் என்ன செய்கிறோம்? நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு கடைக்குப் போகிறோம். பெட்டி, ரிப்போர்ட், வைவா கேள்வி பதில் எல்லாம் சேர்த்து ஒரே விலை. நானும் யோக்கியன் இல்லை. சென்ற ஆண்டு என் அம்மாவின் சீட்டுப் பணத்தில் அப்படி ஒரு பெட்டி வாங்கினேன். வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த சார், போர்டில் இருந்த ஒரு டிரான்சிஸ்டரைப் பேனாவால் தொட்டு, "இதைக் கழற்றிட்டா என்ன ஆகும் தம்பி?" என்று அமைதியாகக் கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பதில் இல்லை. மார்க் கிடைத்தது; மானம் போனது.

இந்த ஆண்டு நானும் என் தோழர்கள் இருவரும் வேறு வழியில் போனோம். இணையத்தோடு இணைந்த ஒரு ரேடியோ நிலையத்தை வீட்டிலேயே கட்டினோம். அதைக் கட்டியபோது கற்றதை விட, அது கெட்டுப்போனபோது கற்றதே அதிகம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

முதலில் ரிப்பீட்டர் என்றால் என்னவென்று பார்ப்போம். ஹாம் ரேடியோக்காரர்கள் கையில் வைத்திருக்கும் வாக்கி டாக்கி 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுகிறது. அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர். நடுவில் மேலுமலைக் கணவாய். பீடபூமியிலிருந்து தரை முந்நூறு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஓசூரில் தரையில் நின்று பேசினால் கிருஷ்ணகிரியில் ஒரு எழுத்துக்கூடக் கேட்காது. உயரமான மலையில் ஒரு நிலையத்தை வைத்து, ஒரு அலைவரிசையில் கேட்டு அதே நேரத்தில் இன்னொரு அலைவரிசையில் திருப்பிச் சொல்ல வைத்தால் அதுதான் ரிப்பீட்டர்.

மலை நமக்குக் கிடைக்குமா? கிடைக்காதவனுக்கு இணையமே மலை! இரண்டு ஊரிலும் ஒவ்வொரு சிறு ரேடியோவை வைத்து, இரண்டையும் இணையத்தால் முடிச்சுப் போட்டால் போதும். கனடாவின் வான்கூவரில் டேவிட் கேமரூன் 1997-இல் ஐ.ஆர்.எல்.பி. என்ற முறையைத் தொடங்கினார். 2002-இல் அமெரிக்காவின் ஜோனாதன் டெய்லர் எக்கோலிங்க் மென்பொருளைத் தந்தார். ஆஸ்டரிஸ்க் என்ற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளையே ரிப்பீட்டர் கன்ட்ரோலராக மாற்றிக் காட்டினார் ஜிம் டிக்சன், அதுதான் ஆல்ஸ்டார்லிங்க்.

என் தோழனின் மாமா ஒருவர் லைசென்ஸ் பெற்ற ஹாம். தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்களும் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் அவர் தன் ஓசூர் வீட்டு மொட்டை மாடியையே திறந்துவிட்டார். பழைய வி.எச்.எப். ரேடியோ ஒன்று, ராஸ்பெர்ரி பை ஒன்று, யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று, பட்டனை அழுத்துவதற்குப் பதிலாக ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர். மற்ற சில்லறைச் சாமான்களுக்கு அத்திப்பள்ளி வழியாக பஸ் ஏறி பெங்களூர் எஸ்.பி. ரோடு. சாயங்காலம் வீடு திரும்பி, ஈயம் வைத்து, ஸ்விட்ச் போட்டோம்.

"ங்ஙொய்ய்ய்..." என்று ஒரே இரைச்சல்!

கோளாறு ஒன்று. மாமா சிரித்தார். "ஏம்ப்பா, எல்லாத்தையும் பிரிச்சுப் போடாதே. பாதியில வெட்டிப் பாரு. கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு முதல்ல தெரியணும்" என்றார். ரேடியோவுக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவில் இருந்த ஒயரைக் கழற்றினோம். இரைச்சல் நின்றது. பையை அடாப்டரிலிருந்து எடுத்து பேட்டரியில் ஓட்டி, ஒயரை மறுபடி மாட்டினோம். அப்போதும் இரைச்சல் இல்லை. ஆக, ரேடியோவும் நல்லது, பையும் நல்லது. இரண்டின் எர்த்தும் இரண்டு வழியாகச் சேர்ந்து ஒரு வளையம் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் 600 ஓம் உள்ள சிறு ஆடியோ டிரான்ஸ்பார்மரை நடுவில் வைத்தோம். சத்தம் அடங்கியது.

கோளாறு இரண்டு. பேசி முடித்தும் டிரான்ஸ்மிட்டர் விடவில்லை. ரேடியோ தோசைக்கல் மாதிரி சுட்டது. பவரை 5 வாட்டிலிருந்து 1 வாட்டுக்குக் குறைத்தால் ஒழுங்காக விடுகிறது. ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை மாட்டினால் 5 வாட்டிலும் ஒழுங்காக விடுகிறது. (டம்மி லோடு கடையில் வாங்கியதல்ல. 1 கிலோ ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர் இருபதைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 50 ஓம். ஓம் விதி வீணாகவில்லை!) ஆக, ஜன்னலோரம் இருந்த ஆன்டெனாவின் அலையே யு.எஸ்.பி. ஒயருக்குள் புகுந்து பையைக் குழப்பியிருக்கிறது. ஆன்டெனாவை மாடிக்கு ஏற்றினோம், ஒயரில் பெரைட் வளையம் மாட்டினோம். மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடினால் தானே நிற்கும்படி டைமரும் வைத்தோம்.

கோளாறு மூன்றுதான் எங்களை அழ வைத்தது. நாங்கள் வெளியே அழைத்தால் போகிறது. வெளியிலிருந்து யார் அழைத்தாலும் வருவதில்லை. ரூட்டரில் எக்கோலிங்கின் 5198, 5199 இரண்டு யு.டி.பி. போர்ட்டையும் திறந்து விட்டோம். பயனில்லை. மென்பொருளை நாலு முறை அழித்துப் போட்டோம். அதற்கும் பயனில்லை. கடைசியில் ரூட்டர் காட்டும் விலாசத்தையும், வெளியுலகம் காணும் விலாசத்தையும் ஒப்பிட்டோம். இரண்டும் வேறு வேறு! சிம் கார்டு இணையத்தில் பல பேருக்குச் சேர்த்து ஒரே பொது விலாசம் தருகிறார்கள். நம் ஹாஸ்டல் மாதிரிதான். கட்டடத்துக்கு ஒரே கதவு எண். ரூம் நம்பர் இல்லாமல் வரும் தபாலை வாட்ச்மேன் யாரிடம் கொடுப்பார்? நம் ரூம் கதவைத் திறந்து வைத்து என்ன பயன்? வெளியில் உள்ள ஒரு ப்ராக்ஸி வழியாகப் போனதும் அழைப்புகள் வரத் தொடங்கின.

நாலாவது, முதல் மழைக்கு மறுநாள் வந்தது. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 3-ஐக் காட்டியது. டம்மி லோடை மாட்டினால் 1. ஆக ரேடியோ நல்லது, குற்றவாளி மாடியில். கனெக்டரைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்! புது கனெக்டர், மேலே ரப்பர் டேப் சுற்று. முடிந்தது.

பிறகு முழு ரிப்பீட்டர் ஆசையும் வந்தது. அங்கேதான் பாடம் பெரியது. நாம் அனுப்புவது 5 வாட். கேட்க வேண்டிய அலை மைக்ரோவோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டின் பவருக்கும் நடுவே வித்தியாசம் 1-க்குப் பின் 15 பூஜ்யம் போட்டாலும் போதாது! பக்கத்தில் ஒருவன் கத்திக்கொண்டிருக்க, தூரத்தில் எறும்பு நடப்பதைக் கேட்பது போல. அதற்குத்தான் கேவிட்டி டூப்ளெக்சர். அது எங்களிடம் இல்லை. ரிப்பீட்டருக்கு முறையான அனுமதியும் வேண்டும். ஆகவே அதை டம்மி லோடிலேயே ஓட்டிப் பார்த்து நிறுத்திக்கொண்டோம்.

"செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதுக்குடா?" என்று கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்வி. லண்டனுக்குப் பேச வேண்டுமென்றால் போனே போதும். ஆனால் போன் ஊமையானால் எங்கே அறுந்தது என்று நமக்குத் தெரியுமா? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரில் ரேடியோவோடு இருந்தார்கள். போன்கள் அடங்கிய தீவுகளிலிருந்து செய்தி சொன்னது அந்த ரேடியோதான். அங்கே இணையம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: இணையம் செத்தாலும் ரேடியோப் பாதி தனியே உயிரோடிருக்கும்படி கட்டுங்கள். பேட்டரி கட்டாயம்.

"நாமெல்லாம் டிப்ளமோதானே" என்று தாழ்வாக நினைப்பவர்களுக்கும் ஒன்று. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட் ஹாம்சாட்டை ஏற்றியது. அதுவும் வானத்தில் ஓடிய ஒரு ரிப்பீட்டர் போலத்தான். அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று நம் நாட்டு ஹாம்களுடையது. மற்றொன்றைச் செய்தவர் வில்லியம் லைய்னார், நெதர்லாந்தின் வென்லோ நகரத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர். 2014 வரை அந்தச் செயற்கைக்கோள் உழைத்தது. மாணவன் கை வேலை வானத்தில் நிற்கவில்லையா?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆன்லைனில் மலிவாக வாக்கி டாக்கி கிடைக்கிறதே என்று வாங்கிப் பட்டனை அழுத்திவிடாதீர்கள்! லைசென்ஸ் இல்லாமல் அலை விடுவது குற்றம். நம் பகுதியில் தொழிற்சாலை செக்யூரிட்டி, போலீஸ், தீயணைப்பு எல்லோரும் ரேடியோவை நம்பி வேலை பார்க்கிறார்கள். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வை 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். கேள்விகள் அடிப்படை எலக்ட்ரானிக்சும் விதிகளும்தான். அரியர் வைத்தவனும் பாஸ் பண்ணலாம், நானே சாட்சி! இணையத்தோடு இணைக்கும் முன் லைசென்ஸ் நிபந்தனைகளையும் வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, நம் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். வைவாவில் ப்ராஜெக்ட் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள் ஐயா. அதில் ஒரே ஒரு ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, "கண்டுபிடி" என்று அரை மணி நேரம் கொடுங்கள். கடையில் வாங்கியவன் யார், கட்டியவன் யார் என்று அப்போது தெரிந்துவிடும். சிப்காட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் நின்றால் நம்மைக் கேட்கப்போவது ரிப்போர்ட் பைண்டிங்கை அல்ல, "எங்கே கட்டாச்சு?" என்பதைத்தான்.

அன்று வைவாவில் சார் தொட்டுக் காட்டியதும் ஒரு பி.சி.547-தான். இன்று கேட்டால் சொல்வேன்: "அதைக் கழற்றினா, நிலையம் கேட்கும் சார், ஆனா பேசாது."

தோழர்களே, உங்கள் ப்ராஜெக்ட்டையும் பேச வையுங்கள்!