ஆடாமல் சாடுபவருக்கு

ஹைதராபாத் ஐ.டி. ஊழியர்கள் மாலையில் சல்சா வகுப்புக்குப் போவதைக் கண்டித்து நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். சல்சா நம் மண்ணுக்கு ஒட்டாதது என்கிறார். மன அழுத்தம் குறையும் என்பது வகுப்பு நடத்துபவர்களின் வியாபாரப் பேச்சு என்கிறார். உடம்பு வியர்க்கத்தான் வேண்டுமென்றால் கே.பி.ஆர். பூங்காவைச் சுற்றி நடக்கலாமே என்று யோசனையும் சொல்கிறார். இவற்றில் ஒன்றுகூடத் தேறாது.

மண்ணைப் பற்றிப் பேசுபவருக்கு முதலில் ஊர் தெரிந்திருக்க வேண்டும். மாசாப் டேங்குக்குப் பக்கத்தில் ஏ.சி. கார்ட்ஸ் என்றொரு பகுதி இருக்கிறது. நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படை வீரர்கள் குடியிருந்த இடம். அந்தச் சித்தி மக்களும், பார்கஸில் குடியேறிய ஏமன் அரேபியர்களும் வளர்த்த மர்ஃபா மேளம் இன்றைக்கும் ஹைதராபாத் கல்யாண ஊர்வலங்களில் முழங்குகிறது. அதைக் கேட்டு ஆடாத மாப்பிள்ளைத் தோழன் யார்? சல்சாவின் வேரும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது. அடிமைகளாகக் கியூபாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் தாளம் அது. கியூபா, போர்ட்டோ ரிக்கோ குடியேறிகள் 1960, 70களில் நியூயார்க்கில் அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார்கள். கடல் தாண்டி வந்தது என்பதே குற்றமென்றால் மர்ஃபாவையும் விரட்டுங்கள். பாலுசுவாமி தீட்சிதர் கையில் எடுத்த வயலினையும் கச்சேரி மேடையிலிருந்து இறக்குங்கள். அதற்குத் துணிவு உண்டா?

‘முன்பின் தெரியாதவர்களைத் தழுவிக்கொள்கிறார்கள்’ என்று எழுதியவர் எந்த வகுப்புக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை என்பது தெளிவு. தொடக்க வகுப்பில் எல்லாரும் வரிசையாக நின்று தனித்தனியாகக் கால் பழகுகிறார்கள். ஜோடி சேரும்போதும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இடம் இருக்கும். பெரும்பாலும் கைகள்தான் தொடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடி மாறும். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. இதில் ஆபாசம் தேடுபவர் தன் பார்வையைத்தான் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இனி, நடைப்பயிற்சி யோசனை. நடப்பது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் பத்து மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு வருபவரை வாட்டுவது உடல் களைப்பு அல்ல, விடாமல் ஓடும் மனம். பூங்காவில் நடக்கும்போது மேனேஜரின் மெயிலும் கூடவே நடந்து வரும். சல்சாவில் அதற்கு இடமில்லை. எண்ணிக்கை எட்டு, நம் ஆதி தாளத்தைப் போல. வழிநடத்துபவர் ஒன்றில் இடக்காலை முன்னே வைத்து, இரண்டில் வலக்காலை நின்ற இடத்திலேயே மாற்றி வைத்து, மூன்றில் இடக்காலைத் திரும்பக் கொண்டுவந்து, நான்கில் நிற்க வேண்டும். ஐந்தில் வலக்காலைப் பின்னே வைத்து, ஆறில் இடக்காலை நின்ற இடத்திலேயே மாற்றி வைத்து, ஏழில் வலக்காலைத் திரும்பக் கொண்டுவந்து, எட்டில் மறுபடியும் நிற்க வேண்டும். எதிரே இருப்பவர் இதையே மாற்றிச் செய்வார். கால் நிற்கும் அந்த நான்கிலும் எட்டிலும்தான் காங்கா மேளம் திறந்து ஒலிக்கும். அதைக் காது பிடித்தாக வேண்டும். எதிரே இருப்பவர் கையின் சிறு அசைவையும் கவனித்தாக வேண்டும். மனம் அலுவலகத்துக்குத் திரும்பினால் அடுத்தவர் கால் மிதிபடும். இந்தக் கட்டாயக் கவனம்தான் மருந்து. 2009இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் 22 டாங்கோ ஆட்டக்காரர்களைச் சோதித்தார்கள். இசையோடு ஆடியபோது அழுத்தத்தின் ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்தது. சிறிய ஆய்வு, அதுவும் வேறொரு ஜோடி நடனத்தைப் பற்றியது. ஆனாலும் ஓர் ஆய்வைக்கூடப் புரட்டாமல் ‘வியாபாரப் பேச்சு’ என்று தீர்ப்பெழுதியவரின் பக்கம் அந்த அளவு ஆதாரம்கூட இல்லை.

‘முப்பதுக்கு மேல் இடுப்பு வளையாது’ என்ற வரிதான் எனக்குக் கோபம் மூட்டியது, எத்தனையோ பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் பொய் அது என்பதால். சல்சாவில் இடுப்பை யாரும் ஆட்டுவதில்லை. முழங்காலை லேசாக மடக்கிக் காலடி வைத்து, எடையை முழுவதும் அந்தக் காலுக்கு மாற்றி நிமிர்த்தினால் இடுப்பு தானாக அசையும். புதிதாக வருபவர் கெடுவது வேறு இடங்களில். அகலமாக அடி வைக்கிறார், தாளம் முந்திக்கொள்கிறது. தன் காலையே குனிந்து பார்க்கிறார், தோள் சரிகிறது. பதற்றத்தில் ஜோடியின் விரலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கிறார். ஜோடியால் சுழல முடியாமல் போகிறது. அடியை உங்கள் பாதத்தின் நீளத்துக்குள் வையுங்கள். பார்வையை ஜோடியின் தோள் உயரத்தில் நிறுத்துங்கள். விரல்களைக் கொக்கி மாதிரி வளைத்துக் கொடுத்தால் போதும். தரையைக் கவ்வும் ரப்பர் ஷூவோடு சுழலாதீர்கள், முழங்கால் திருகிக்கொள்ளும். மெதுவான பாட்டில் அடிப்படை அடி பழகும்வரை சுழற்சியின் பக்கமே போகாதீர்கள். இவற்றில் எதற்கு வயது தடை?

நண்பரே, ஒரு மாதம் வகுப்புக்கு வாருங்கள், பிறகு எழுதுங்கள். அப்போதும் எதிர்த்தால் வரிக்கு வரி பதில் சொல்கிறேன். அவர் கட்டுரையைப் படித்துத் தயங்கி நிற்கும் வாசகர்களுக்கு: அதை மடித்து வைத்துவிட்டு இந்த வாரமே போய்ச் சேருங்கள்.