வரிசையில் நான்காவது ஆள்

2019 ஜனவரி 3-ஆம் தேதி காலையில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல். புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது செயின்ட் லூயிஸ் ப்ளூஸ். நான்கு நாள் கழித்து அந்த அணியின் ஜோர்டன் பின்னிங்டன் அந்த லீகில் முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்தே கோல் காத்தார். பிலடெல்ஃபியாவை ஒரு கோல்கூட அடிக்க விடவில்லை. ஜூனில் லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையே அணிக்கு வந்து சேர்ந்தது. அவரை அணி தேர்ந்தெடுத்தது 2011-இல்! கோப்பை வென்ற பருவத்தின் தொடக்கத்தில்கூட கோல்கீப்பர் வரிசையில் நான்காவது ஆள். அதற்கு முந்தைய ஆண்டு பாஸ்டனின், கீழ்நிலை லீகில் ஆடும் துணை அணிக்கு இரவலாகப் போயிருந்தார். இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்றதும் பாஸ்டன்தான்.

என்.ஹெச்.எல். அணியின் வீரர் பட்டியலில் அதிகபட்சம் 23 பேர், ஆட்டத்துக்கு 20 பேர். இந்தக் கணக்கில் துணை அணியை உதிரிபாகக் கிடங்காக அணி நிர்வாகங்கள் நினைக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. மூத்த வீரர் காயப்பட்டதும் துணை அணியின் இளம் பையனை மேலே இழுத்து, ஆட்டத்துக்கு ஆறு நிமிடம் கொடுத்து, மீதி நேரம் பெஞ்சில் உட்கார வைப்பது அவனை வளர்ப்பதாகாது. துணை அணியில் இருபது நிமிடம் ஆடுகிறவன்தான் தேறுவான். ஆனால் தேறியவனைக் கீழேயே பூட்டி வைப்பதும் அநியாயம். அழைக்கும்போது அவனுக்கு உண்மையான ஆட்ட நேரம் கொடுங்கள். ஒரு தவறுக்காக மறுநாளே திருப்பி அனுப்பாதீர்கள்.