எட்டு மீன்களும் ஒரு கண்ணாடித் தொட்டியும்

வண்ண மீன் கடையில் உப்புநீர்த் தொட்டிகளின் முன் நிற்பவர்களின் கண் பெரும்பாலும் முதலில் சென்று படிவது பச்சைக் குரோமிஸ் என்னும் சிறு மீனின்மேல்தான். கடையில் இருக்கும் குஞ்சு ஒரு விரல் நீளம்கூட இராது. இளம்பச்சையும் நீலமும் கலந்த மேனி. விளக்கொளியில் திரும்பும்போதெல்லாம் இருநிறப் பட்டின் மினுமினுப்பு. முப்பது நாற்பது மீன்கள் ஒரே முகமாக நின்று ஒரே கணத்தில் திரும்புகின்றன. கடல்மீன்களுக்குள் விலையும் மலிவு. குழந்தைகள் கையைப் பிடித்து இழுக்கின்றன. தகப்பனார் எட்டு மீன்களை வாங்கிக்கொண்டு வீடு சேருகிறார்.

சில மாதங்கள் கழித்து அதே வீட்டிற்குச் சென்று பாருங்கள். எட்டில் நான்கு இருந்தால் அதிகம். பிறகு இரண்டாகும். கடைசியில் பெரும்பாலும் ஒன்றே ஒன்று, நன்றாகக் கொழுத்து, தொட்டி முழுவதையும் தன் ஜமீனாகக் கொண்டு உலவிக்கொண்டிருக்கும்.

நீர் கெட்டுவிட்டது என்பார் ஒருவர். கடைக்காரர் நோயுள்ள மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்பார் மற்றொருவர். சில வேளைகளில் இவை உண்மையே. ஆயினும் நீர் தெளிவாயிருந்து, உப்பு லிட்டருக்கு 35 கிராம் என்ற அளவில் சரியாயிருந்து, நோயும் இல்லாதிருக்கும் தொட்டிகளிலும் இந்தக் குறைவு நேருகிறது. இதன் காரணத்தை அறிய மீன் கடலில் எவ்வாறு வாழ்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

செங்கடல் முதல் பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுத்தீவுகள் வரையில் பவளப் பாறைகளை அடுத்து வாழும் மீன் இது. 1830ஆம் ஆண்டில் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் குவியே இதனை வருணித்துப் பச்சை எனப் பொருள்படும் ‘விரிடிஸ்’ என்ற பெயரை வைத்தார். கிளைகிளையாக வளர்ந்த பவளத்திற்கு மேலே இவை கூட்டமாக நின்று, நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும். பெரிய மீனொன்றின் நிழல் விழுந்ததோ இல்லையோ, அத்தனையும் கிளைகளுக்குள் புகுந்து மறையும். சற்றுப் பொறுத்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டும்.

இந்தக் கூட்டத்தை நாம் நட்பு என்றும் ஒற்றுமை என்றும் பாராட்டுகிறோம். ஹாமில்டன் என்ற ஆங்கில உயிரியல் அறிஞர் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதற்கு வேறொரு விளக்கம் தந்தார். கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு பிராணியும் தனக்கும் பகைக்கும் இடையே மற்றொன்று இருக்கும்படி ஒதுங்கப் பார்க்கிறது. அவ்வாறு ஒதுங்குவதாலேயே கூட்டம் நெருங்குகிறது என்பது அவருடைய வாதம். கேட்பதற்குச் சற்றுக் கசப்பாக இருக்கிறது. ஆனால் தொட்டியில் நடப்பதைப் பார்த்தால் அவர் பக்கமே நியாயம் என்று தோன்றுகிறது. பகையில்லாத தொட்டியில் ஒரு வாரம் பழகியபின் மீன்கள் நெருங்கி நிற்பதை விட்டுவிடுகின்றன. பிறகு எழுவது யார் பெரியவர் என்ற கேள்விதான்.

வலியது மெலியதைத் துரத்துவது கடலிலும் உண்டு. அங்கே துரத்தப்பட்டது இரண்டு கஜம் விலகினால் விவகாரம் தீர்ந்தது. துரத்தியதற்கும் இரை தேடும் வேலை இருக்கிறது. மேலே பார்த்துக்கொள்ளும் வேலையும் இருக்கிறது. தொட்டியிலோ இரை நாளுக்கு ஒரு முறை, ஒரே மூலையில் விழுகிறது. மற்ற நேரமெல்லாம் ஓய்வு. நாற்பது பையன்களை மைதானத்தில் விட்டால் மாலை வரையில் சச்சரவின்றி விளையாடுவார்கள். அவர்களையே மழை நாளில் ஒரு சிறிய அறைக்குள், வேலையும் கொடுக்காமல் அடைத்துப் பார்த்த உபாத்தியாயர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் சிறிய மீன்தான் முதலில் அகப்படும். அது கூட்டத்தை விட்டு நீங்கிக் குழாயின் பின்னாலோ மேல்மூலையிலோ ஒண்டும். நிறம் மங்கும், துடுப்பின் ஓரம் கிழியும், இரைக்கு வராது. மெலிந்த உடலை யுரோனிமா என்னும் ஒட்டுண்ணி எளிதில் பற்றும். விலாவில் சிவந்த புண் காணும். சில தினங்களில் மீன் மிதக்கும். இத்துடன் சண்டை ஓய்ந்தது என்று வீட்டார் நினைப்பார்கள். ஓயாது. எட்டாவது மீன் போனால் ஏழாவது மீன் கடைசியாகிறது. அடிபடுவது கடைசிப் படியில் நிற்கும் மீன். அந்தப் படி ஒருபோதும் காலியாக இருப்பதில்லை.

சில வளர்ப்பாளர் ஒரு தந்திரம் செய்வதுண்டு. பெரிய மீன் ஒன்றைத் தொட்டியில் விட்டால் குரோமிஸ்கள் பழையபடி நெருங்கி நிற்கும். நமக்கு இது பிடிக்கவில்லை. நமது கண் குளிர்வதற்காக ஒரு பிராணியை இரவும் பகலும் அச்சத்திலேயே வைத்திருப்பது அழகைப் பார்க்கும் முறையாகத் தோன்றவில்லை.

கூட்டமாகவே வைக்க விரும்புவோர் முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரம் என்ற தொட்டி 56 லிட்டர்தான் கொள்ளும்; அதில் கூட்டம் என்ற பேச்சே கூடாது. நான்கடி நீளமும் ஒன்றரையடி அகல உயரமும் இருந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் கொள்ளும். ஆறு குஞ்சுகளுக்கு அதுவும் தாராளமென்று சொல்வதற்கில்லை. ஒரே அளவுள்ள குஞ்சுகளாகப் பொறுக்கி, தனித் தொட்டியில் சில வாரம் வைத்து நோயில்லை என்று கண்டபின், அனைத்தையும் ஒரே நாளில் விட வேண்டும். பொடி இரையை நாளுக்கு மூன்று நான்கு தடவை, சிறிது சிறிதாக, தொட்டியின் இரு முனைகளிலும் போட வேண்டும். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம்; இதற்குப் பொழுதில்லாத வீட்டில் மற்ற ஏற்பாடுகளால் பெரிய பயன் இராது. ஒளிவதற்குக் கிளைத்த மண் உருக்களோ குழாய்த் துண்டுகளோ போதும். பவளத்தைத் தேடிப் போகாதீர்கள். 2001ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளப் பாறை உயிர்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

இத்தனையும் செய்தும் கூட்டம் குறையலாம். ஆதலால் சிறிய தொட்டி உடையவர்கள் கோமாளி மீன் ஜோடி ஒன்றுடன் திருப்தியடைவது நலம் என்பது நமது அபிப்பிராயம். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அம்மீனையும், குரோமிஸ் சேர்ந்த டாம்செல் குடும்பத்து வேறு சில மீன்களையும் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்திருக்கிறார்கள். கடைகளுக்கு வரும் குரோமிஸ்களோ பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. 2004ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஓராண்டில் அமெரிக்காவில் இறங்கிய கடல் அலங்கார மீன்களின் சரக்குச் சீட்டுகளை ஆராய்ந்தவர்கள் 1 கோடியே 10 லட்சத்திற்கு மேற்பட்ட மீன்களைக் கணக்கிட்டார்கள். எண்ணிக்கையில் முதலிடம் பச்சைக் குரோமிஸுக்கே. மலிவாயிருப்பதால் செத்ததற்குப் பதில் மறுபடி மறுபடி வாங்குகிறோம் என்பதும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம்.

எஞ்சிய ஒரு மீன் தனியே வாடுகிறதென்று ஐந்து குஞ்சுகளைப் புதிதாகக் கொண்டுவந்து விடுவோர் உண்டு. பழைய மீன் அன்றே அவற்றைத் துரத்தத் தொடங்கும். அதற்குத் துணை தேட வேண்டியதில்லை; தனியாகவே நன்றாக உண்டு பல ஆண்டுகள் வாழும். இரக்கப்பட்டுக் கடலில் கொண்டுபோய் விடுவதும் தகாது. தொட்டியில் தொற்றிய நோய்களும் அதனுடன் கடலுக்குப் போகும்.