ஃபோல்டர் தெரியலைன்னா பழைய கதவைத் திறக்காதீங்க

1) மக்களே, இன்னைக்கு டெங்கு இல்ல, சுகர் இல்ல. ஆபீஸ்லயும் கிளினிக்லயும் ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபோல்டரை இன்னொரு கம்ப்யூட்டர்ல பார்க்கறது பத்தி ஒரு நீளமான த்ரெட். டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. உங்க உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

2) காட்டுப்பள்ளி பக்கம் போயிருக்கீங்களா? துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கொஞ்சம் தள்ளி அனல்மின் நிலையங்கள். மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரியில இருந்து தினமும் ஆட்கள் ஷிப்டுக்குப் போறாங்க. வெல்டிங், கிரைண்டிங், இரைச்சல், தூசு. இவங்களுக்கு வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனை நடக்கும். நெஞ்சு எக்ஸ்ரே, நுரையீரல் ஊதும் டெஸ்ட், காது கேட்கும் திறன் டெஸ்ட்.

3) இந்த மாதிரி பரிசோதனை செய்யற ஒரு சின்ன கிளினிக்கை நினைச்சுக்கோங்க. ரிசப்ஷன்ல விண்டோஸ் 11. எக்ஸ்ரே மெஷினோட வந்த கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 7. டாக்டர் மேசையில மேக். செலவைக் குறைக்க, ரிப்போர்ட் எல்லாம் சேமிக்க மூலையில ஒரு பழைய பெட்டி. அதுல உபுண்டு லினக்ஸ். நாலும் ஒரே ஃபோல்டரைப் பகிரணும். இதுல தப்பே இல்ல, நல்ல ஏற்பாடுதான்.

4) திடீர்னு ஒருநாள் விண்டோஸ் அப்டேட் ஆகும், இல்லைன்னா புது கம்ப்யூட்டர் வரும். 'நெட்வொர்க்'னு போய் கிளிக் பண்ணா லினக்ஸ் பெட்டியையே காணோம். வெளியே நாற்பது பேர் காத்திருக்காங்க. போன்ல ஒருத்தர் சொல்வார்: 'எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணுங்க, ஃபயர்வாலை ஆஃப் பண்ணுங்க, ஃபோல்டரை எவ்ரிஒன்னுக்குத் திறந்து விடுங்க. வந்துடும்.' உண்மைதான், பல நேரம் வந்துடும்.

5) என்ன காய்ச்சல்னே பார்க்காம ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் காய்ச்சல் இறங்கிடும். சாயங்காலமே ஆள் எழுந்து உட்கார்ந்துடுவார். அதை வைத்தியம்னு சொல்ல முடியுமா? இந்த மூணு வேலையும் அந்த ஊசி மாதிரிதான். அறிகுறி மறையும், உள்ளே இருக்கற ஆபத்து வளரும். அதனால இதைச் செய்யாதீங்க. இதுதான் என் கருத்து. காரணத்தைச் சொல்றேன்.

6) முதல்ல எஸ்எம்பின்னா என்ன? ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டர்கிட்ட 'அந்த ஃபைலைக் கொடு'ன்னு கேட்கற மொழி. 1980-களில் ஐபிஎம்மில் பிறந்து, மைக்ரோசாஃப்ட் வளர்த்தது. லினக்ஸ், யூனிக்ஸ் பெட்டிகளும் இதே மொழியைப் பேசணும்னு ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதிய மென்பொருள்தான் சம்பா. எஸ், எம், பி மூணு எழுத்தும் வரிசையா வர்ற ஒரு வார்த்தையை அகராதியில தேடி வச்ச பேர் அது. இன்னைக்கும் உங்க லினக்ஸ் பெட்டி விண்டோஸோட பேசறது சம்பா வழியாத்தான்.

7) அப்புறம் ஏன் காணாம போச்சு? பழைய காலத்துல ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 'நான் இங்க இருக்கேன்'னு நெட்வொர்க் முழுக்கக் கூவும். அதுல ஒண்ணு எல்லார் பேரையும் பட்டியல் போட்டு வச்சுக்கும். நீங்க பார்த்தது அந்தப் பட்டியல். அது எஸ்எம்பியோட முதல் பதிப்பை நம்பி இருந்தது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து, புதுசா நிறுவும்போது அந்த முதல் பதிப்பு வர்றதில்ல. சம்பாவும் 2019-ல் வந்த 4.11 பதிப்பில் அதை அணைச்சே வச்சது. பட்டியலும் அதோட போச்சு.

8) கடையோட போர்டைக் கழட்டிட்டாங்க. ஆனா கடை திறந்துதான் இருக்கு. 'தெரியலை' வேற, 'போக முடியலை' வேற. இந்த ஒண்ணு புரிஞ்சா பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

9) அதனால முதல் பரிசோதனை: பேரைத் தேடாதீங்க, நேரா விலாசத்துக்குப் போங்க. ரிப்போர்ட் பெட்டியோட ஐபி எண் 192.168.1.20-ன்னு வச்சுக்குவோம். விண்டோஸில் ஃபோல்டர் விண்டோவோட முகவரிப் பட்டையில \\192.168.1.20 அடிங்க. மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்ட் பட்டனோட கே எழுத்தைத் தட்டினா ஒரு பெட்டி வரும். அதுல எஸ், எம், பி மூணு ஆங்கில எழுத்து, அப்புறம் ://192.168.1.20. லினக்ஸ் ஃபைல் மேனேஜரிலும் இதே மாதிரிதான்.

10) திறந்துடுச்சா? நோய் சின்னது. அதை ஒரு டிரைவாகவோ ஷார்ட்கட்டாகவோ போட்டு வையுங்க. ரவுட்டர்ல அந்தப் பெட்டிக்கு ஐபி எண்ணை நிரந்தரமா ஒதுக்கிடுங்க, நாளைக்கு மாறாது. விண்டோஸ் பட்டியல்ல பேரும் தெரிஞ்சே ஆகணும்னா, லினக்ஸ்ல 'டபிள்யூஎஸ்டிடி'ன்னு ஒரு சின்ன மென்பொருள் போடச் சொல்லுங்க. மேக்குக்கு 'அவாஹி' போதும். பழைய கூவலுக்குப் பதிலா வந்த புது முறைகள் இவை.

11) திறக்கலையா? இந்த வரிசையில பாருங்க. ரெண்டும் ஒரே நெட்வொர்க்ல இருக்கா, இல்ல ஒண்ணு கெஸ்ட் வைஃபைல மாட்டியிருக்கா? விண்டோஸ்ல அந்த நெட்வொர்க் 'பப்ளிக்'னு இருந்தா, அந்தக் கம்ப்யூட்டரோட ஃபோல்டரை மத்தவங்க பார்க்க முடியாது. கிளினிக் நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்குங்க. ஃபயர்வாலை மொத்தமா அணைக்காம, ஃபைல் பகிர்வுக்கு மட்டும் அனுமதி கொடுங்க.

12) பாஸ்வேர்டு கேட்டுட்டு 'தப்பு'ன்னு சொல்லுதா? சம்பாவுக்குத் தனியா ஒரு பாஸ்வேர்டு பதியணும், லினக்ஸ் லாகின் பாஸ்வேர்டு தானா அங்க போகாது. விண்டோஸ் ஃபோல்டரை மேக்ல திறக்கறப்ப, தினமும் அடிக்கற நாலு இலக்க பின் செல்லாது. அக்கவுண்டோட உண்மையான பாஸ்வேர்டு வேணும். பாஸ்வேர்டே இல்லாம 'கெஸ்ட்' ஆக ஓடிட்டு இருந்த ஃபோல்டர் விண்டோஸ் 11 ப்ரோவுக்கு 24எச்2 அப்டேட் வந்ததும் நின்னுபோச்சா? அது கோளாறு இல்ல, வேணும்னே மூடின வாசல். ஆளாளுக்கு ஒரு பேர், ஒரு பாஸ்வேர்டு போடுங்க.

13) பார்த்தீங்களா, இதுல எங்கயும் எஸ்எம்பி1 தேவைப்படலை. அரை மணி நேர வேலை. அந்த அரை மணியை மிச்சம் பிடிச்சா என்ன ஆகும்?

14) 2017 மே 12. வன்னாக்ரை. எஸ்எம்பி1-ல இருந்த ஓட்டை வழியா ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்குத் தானாவே பரவின வைரஸ். யாரும் எந்த லிங்க்கையும் கிளிக் பண்ண வேண்டியதில்ல. இங்கிலாந்து அரசு மருத்துவச் சேவையில மூணில் ஒரு பங்கு டிரஸ்டுகள் பாதிப்பு. 19,000-க்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும்னு கணக்கிட்டாங்க. ஓட்டையை அடைக்கற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே கொடுத்திருந்தது.

15) அதே வருஷம் ஜூன் 27, நாட்பெட்யா. அதே ஓட்டையையும் பயன்படுத்திச்சு. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் விழுந்துச்சு. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்துல மெர்ஸ்க் குழுமம் நடத்தின முனையத்துல வேலை ஸ்தம்பிச்சது. காட்டுப்பள்ளில கன்டெய்னர் ஏத்தி இறக்கறவங்களுக்கு இது தூரத்துக் கதையில்ல.

16) 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். சர்வர்கள் முடங்கி ரெண்டு வாரம் போல எல்லாம் கையெழுத்துச் சீட்டுல ஓடுச்சு. அது எஸ்எம்பி1-ஆல வந்ததுன்னு நான் சொல்லலை. நெட்வொர்க் சரியாப் பிரிக்கப்படலைங்கறதை அரசே நாடாளுமன்றத்துல சொல்லிச்சு. நாம 'எல்லாருக்கும் திறந்து விடு'ன்னு செய்யறதும் அதே பழக்கம்தான்.

17) 'எங்க சின்ன கிளினிக்கை யார் சார் தாக்கப் போறா?' காலரா கிருமி வீட்டு வாசல்ல பேர்ப்பலகை படிச்சுட்டா உள்ளே வருது? தானா பரவற வைரஸுக்கு எய்ம்ஸும் ஒண்ணு, அத்திப்பட்டு கிளினிக்கும் ஒண்ணு. 'லினக்ஸ்தானே, பயமில்லை'ன்னும் இருக்காதீங்க. 2017 மே மாசமே சம்பாவிலும் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்து அடைச்சாங்க. அப்டேட் எல்லாருக்கும் உண்டு.

18) 'எக்ஸ்ரே மெஷினுக்கு எஸ்எம்பி1 மட்டும்தான் தெரியும், என்ன பண்ண?' நியாயமான கேள்வி. பல லட்சம் போட்டு வாங்கின மெஷினைத் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். தொற்றுள்ள நோயாளிக்குத் தனி அறை கொடுக்கற மாதிரி அதுக்குத் தனி நெட்வொர்க் கொடுங்க, இன்டர்நெட் வேண்டாம். நடுவுல ஒரு பெட்டி மட்டும் அதுகிட்ட படத்தை வாங்கிக்கட்டும். அதுக்காக மத்த கம்ப்யூட்டர்கள்ல பழைய கதவைத் திறக்காதீங்க. அடுத்த வருஷம் பராமரிப்பு ஒப்பந்தம் போடறப்ப, 'மென்பொருள் அப்டேட் கொடுப்பீங்களா?'ன்னு எழுத்துல கேளுங்க.

19) இதுல உங்க உடம்பு எங்க வருதுன்னு இப்ப சொல்றேன். இரைச்சல்ல வேலை செய்யறவருக்குக் காது ஒரே நாள்ல போறதில்ல. பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் முதல்ல சரியும். பேச்சு நல்லாவே கேட்கும், அவருக்கே தெரியாது. வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்த டெஸ்டையும் இந்த வருஷ டெஸ்டையும் பக்கத்துல வச்சாத்தான் எனக்குத் தெரியும். போன டெஸ்ட்டை மறுபடி எடுக்கவே முடியாது. அந்தக் காது இப்ப இல்ல.

20) அபாயகரமான தொழில்ல இருக்கறவங்களோட மருத்துவப் பதிவுகளைப் பராமரிக்கணும், தொழிலாளி அதைப் பார்க்க முடியணும்னு தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-லயே 41சி பிரிவைச் சேர்த்தாங்க. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு இழப்பீட்டுக்குரிய தொழில்நோய். அந்த இழப்பீட்டுக்கு ஆதாரம் அந்த ஃபோல்டர்லதான் இருக்கு. அது பூட்டப்பட்டா கிளினிக் ஒரு மாசத்துல மீண்டுடும். அந்த வெல்டரால மீள முடியாது.

21) அதனால சுருக்கமா: பேர் தெரியலைன்னா விலாசத்துல போங்க. எஸ்எம்பி1 வேண்டாம். ஃபயர்வாலை அணைக்காதீங்க. ரிப்போர்ட்டைப் பார்க்க மட்டும் வேண்டியவருக்குப் படிக்கற அனுமதி மட்டும் கொடுங்க. அவர் கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்தாலும் அந்த ஃபோல்டரைப் பூட்டற உரிமை அவர் பேருக்கு இருக்காது. வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்ல நகல் எடுத்து, வயரைக் கழட்டி அலமாரியில வையுங்க. மாட்டியே இருந்தா அதுவும் சேர்ந்து போகும்.

22) தொழிலாளி தோழர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த வருஷப் பரிசோதனை முடிஞ்சதும் 'என் ரிப்போர்ட் நகல் கொடுங்க'ன்னு கேளுங்க. போன வருஷத்துதையும் சேர்த்துக் கேளுங்க. கேட்டவுடனே எடுத்துத் தர முடியுதான்னு பாருங்க. அந்த கிளினிக்கோட நெட்வொர்க் எப்படி இருக்குன்னு நீங்களே செஞ்ச பரிசோதனை அது.

கிளினிக், லேப், கம்பெனி முதலுதவி அறை நடத்தறவங்களுக்கு இதைப் பகிருங்க.