ஓடிபி இருந்தால் பணம் பத்திரமா? ஒரே செல்போனில் இரண்டு பூட்டு எப்படி வேலை செய்கிறது?

அம்பத்தூரில் டீக்கடை பில் முதல் பூந்தமல்லி மார்க்கெட்டில் காய்கறி வாங்குவது வரை எல்லாமே இப்போது செல்போனில்தான். புது ஆப் ஒன்றைத் திறந்தால் போதும், "ஓடிபி வந்துச்சா?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். பாஸ்வேர்டு ஒன்று, அதற்கு மேல் ஓடிபி ஒன்று. இரண்டு பூட்டு போட்டாச்சு, இனி கவலை இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், இரண்டு பூட்டின் சாவியும் ஒரே போனில் இருந்தால் என்ன ஆகும்?

டிஜிட்டல் பணப் பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பது தொடர்பாக ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர் 25-ம் தேதி வெளியிட்ட விதிமுறைகள் குறிவைப்பது இந்தச் சிக்கலைத்தான். இவை நடைமுறைக்கு வரும் தேதியாக 2026 ஏப்ரல் 1 அறிவிக்கப்பட்டது.

இரண்டடுக்குப் பாதுகாப்பு என்றால் என்ன?

ஒருவரை அடையாளம் காண மூன்று வழிகள் உண்டு. அவருக்கு மட்டும் தெரிந்தது: பின் நம்பர், பாஸ்வேர்டு. அவர் கையில் இருப்பது: போன், சிம், கார்டு. அவர் உடலோடு இருப்பது: கைரேகை, முகம். இவற்றில் வெவ்வேறு வகையான இரண்டைக் கேட்டால்தான் அது இரண்டடுக்கு.

செல்போன் நம்பரைப் போட்டு, வரும் ஓடிபியை அடித்து உள்ளே போகும் ஆப்கள் நிறைய இருக்கின்றன. அங்கே இருப்பது ஒரே ஒரு பூட்டு. சிம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்த ஓடிபி சாட்சி.

யுபிஐ வேறு மாதிரி. பதிவு செய்யும்போது நம் போனிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போய், சிம்மையும் போனையும் கணக்கோடு இணைத்துவிடும். அது முதல் பூட்டு. பணம் அனுப்பும்போது அடிக்கும் பின் நம்பர் இரண்டாவது. அதனால்தான் அங்கே ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்பதில்லை.

ஆப்புக்குள் ஓடிபி எப்படி வருகிறது?

ஆப் தயாரிப்பவர்கள் இதற்கான புரோகிராமை முதலிலிருந்து எழுதுவது குறைவு. கூகுளின் ஃபயர்பேஸ் போன்ற சேவைகள் தரும் 'கிளையண்ட் லைப்ரரி' என்ற ரெடிமேட் புரோகிராம் தொகுப்பை ஆப்பில் சேர்த்துவிடுகிறார்கள். நாம் நம்பரைக் கொடுத்ததும், லைப்ரரி அதைச் சேவை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். ஓடிபியை உருவாக்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவது சர்வர். நாம் அடித்த எண் சரியா என்று பார்ப்பதும் சர்வர்தான்.

லைப்ரரியைச் சேர்த்தாலே வேலை முடிந்துவிடாது. "சரியான ஓடிபிதான்" என்று போனில் உள்ள ஆப் சொல்வதை மட்டும் நம்பி கணக்கைத் திறந்தால், ஆப்பைத் திருத்தி ஏமாற்றிவிடலாம். ஆப் நிறுவனத்தின் சர்வரும் அதை உறுதி செய்ய வேண்டும். எத்தனை முறை தவறாக அடிக்கலாம், எத்தனை நிமிடத்தில் ஓடிபி காலாவதி ஆகும் என்பதற்கும் கட்டுப்பாடு வேண்டும்.

சில ஓடிபி மெசேஜ்களின் கடைசியில் புரியாத 11 எழுத்துகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த மெசேஜ் எந்த ஆப்புக்கானது என்று ஆண்ட்ராய்டு போனுக்குச் சொல்லும் அடையாளம் அது. இந்த வசதி இருப்பதால், ஓடிபியைப் படிக்க ஓர் ஆப்புக்கு நம் மொத்த எஸ்எம்எஸ்ஸையும் பார்க்கும் அனுமதி தேவையில்லை.

பூட்டு எங்கே உடைகிறது?

முதல் வழி, போனில் பேசி ஓடிபியைக் கேட்டு வாங்குவது. இரண்டாவது, போலி ஆவணம் கொடுத்து நம் நம்பருக்கு வேறு சிம் எடுப்பது. இதற்காகத்தான் சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. மூன்றாவது, நம் அழைப்புகளை வேறு நம்பருக்குத் திருப்பி, குரல் அழைப்பில் வரும் ஓடிபியைப் பிடிப்பது. *401# போன்ற எண்களை டயல் செய்து அழைப்பைத் திருப்பும் வசதி 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தப்பட்டது.

நான்காவதுதான் மோசமானது. போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல். அதை இன்ஸ்டால் செய்து எஸ்எம்எஸ் அனுமதியும் கொடுத்துவிட்டால், வரும் ஓடிபி நேராக மோசடிக்காரருக்குப் போகும். அந்த ஆப் காட்டும் போலிப் பக்கத்தில் அடித்த பாஸ்வேர்டும் அவரிடமே. இரண்டு பூட்டும் ஒரே நேரத்தில் திறந்துவிடும்.

ரிசர்வ் வங்கி என்ன சொல்கிறது?

இணையத்தில் கார்டு பயன்படுத்த 2009 ஆகஸ்ட் முதலே கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். புதிய விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஒரு பூட்டு உடைந்தாலும் மற்றொன்றின் நம்பகத்தன்மை பாதிக்கப்படக் கூடாது என்கின்றன. எஸ்எம்எஸ் ஓடிபிக்குத் தடை இல்லை. ஆனால் அது மட்டுமே வழி இல்லை. கைரேகை, போனுக்குள்ளேயே உருவாகும் எண் போன்றவற்றுக்கும் இடம் உண்டு.

வாடிக்கையாளருக்கு முக்கியமானது இதுதான்: இந்த விதிகளைப் பின்பற்றாமல் நடந்த பரிவர்த்தனையால் இழப்பு ஏற்பட்டால், கார்டையோ கணக்கையோ வழங்கிய நிறுவனம் மறுபேச்சு இல்லாமல் முழுத் தொகையையும் ஈடுகட்ட வேண்டும். அதே சமயம், வாடிக்கையாளரே ஓடிபியைச் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தகவல் கொடுக்கும் வரையிலான இழப்பு அவர் தலையில்தான் என்றது 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை.

பணம் போய்விட்டால்?

ஒரு நிமிடம்கூட தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அதுதான் வழி. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பகுதிகள் 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருவதால், அங்குள்ள சைபர் கிரைம் பிரிவையும் நாடலாம்.

அதற்கு முன், இன்றைக்கே செய்ய ஒரு வேலை இருக்கிறது. போனின் செட்டிங்ஸில் எந்தெந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். தேவையில்லாததை நீக்குங்கள். வீட்டில் பெரியவர்களின் போனையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அடுத்த முறை ஓடிபி வந்தால், எண்ணை மட்டும் பார்க்காமல் எவ்வளவு தொகை, யாருக்கு என்ற வரியையும் படித்துவிட்டு அடியுங்கள்.